கூலி நம் கையில், கணக்கும் நம் கையில்!

(விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் குடும்பப் பெண்களிடையே ஆற்றிய உரை)



இன்று நாம் பணத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். பணத்தைப் பற்றிப் பேசுவது பணக்காரன் வேலை, நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி நினைப்பது சரியல்ல. பணம் மிகுந்தவனுக்குக் கணக்குப் பார்க்கக் குமாஸ்தா இருக்கிறான், ஆடிட்டர் இருக்கிறார். பணம் குறைந்தவள்தான் ஒவ்வொரு ரூபாயையும் தானே காவல் காக்க வேண்டியிருக்கிறது.

விடியுமுன் எழுந்து, சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, நாற்று நடவும் மல்லாட்டை பிடுங்கவும் கரும்புத் தோகை உரிக்கவும் போகிறவள் பெண். மரக்காணத்து உப்பளத்தில் கொதிக்கும் வெயிலில் உப்புச் சுமப்பவளும் பெண். மாலையில் அந்தக் கூலி யார் கைக்குப் போகிறது? அவள் கைக்கே வந்தாலும் எத்தனை நாள் அங்கே நிற்கிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நாம் பதில் காண வேண்டும்.

உழைப்பு இருவருடையது, கணக்கு ஒருவர் பெயரில்!

செங்கல் சூளையைப் பாருங்கள். கணவன் மண் குழைக்கிறான். மனைவி கல் அறுக்கிறாள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுகிறது. ஆனால் முதலாளியின் நோட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது. அது ஆணின் பெயர். முன்பணம் வாங்கும்போதும் அவன் கைதான் நீளுகிறது. முன்பணத்தின் பாரம் மட்டும் குடும்பம் முழுவதன் தலையிலும் ஏறுகிறது! குடும்பத்தோடு கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள் கதையும் இதுதான். நமது வட்டாரத்து இருளர் குடும்பங்கள் பல, சூளையிலும் அரிசி ஆலையிலும் கரும்புத் தோட்டத்திலும் கட்டுண்டு கிடந்ததற்கு இந்த முன்பணமே முளைக்குச்சி.

1976-இல் வந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அப்படிப்பட்ட கடனைச் செல்லாததாக்கிவிட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பே என்று 1982-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. சட்டம் இருக்கிறது, ஆனால் கணக்கு நோட்டு முதலாளியின் மேஜையில் இருக்கிறது. நோட்டு யாரிடம் இருக்கிறதோ அவன் சொன்னதே பாக்கி.

நூற்பாலைகளில் நடந்ததையும் பாருங்கள். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது. ஏழை வீட்டு இளம் பெண்களை மூன்று ஆண்டுகளுக்கு வேலைக்குச் சேர்ப்பார்கள். மாதாமாதம் கொஞ்சம் கையில் கொடுப்பார்கள். மிச்சத்தை முடிவில் மொத்தமாக முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று திருமணச் செலவுக்குத் தருவதாகச் சொல்வார்கள். இடையில் உடம்பு முடியாமல் போய் வீடு திரும்பினால்? மொத்தத் தொகை கிடைக்காமல் போன பெண்கள் எத்தனையோ பேர். அது முதலாளி கொடுத்த சீர் அல்ல. அவள் சம்பாதித்த சம்பளத்தைத்தான் அவன் மூன்றாண்டு தன் பெட்டியில் பூட்டி வைத்திருந்தான்.

இது நம் நாட்டில் மட்டும் இருந்த கொடுமை அல்ல. இங்கிலாந்தில் 1870 வரை மணமான பெண்ணின் கூலி சட்டப்படியே கணவனுக்குச் சொந்தம். அந்த ஆண்டுச் சட்டம்தான் அவள் கூலியை அவளுடையதாக்கியது; அவள் சொத்தை அவளுடையதாக்க 1882 வரை ஆயிற்று. பிரான்சில் மணமான பெண், கணவனின் சம்மதம் இல்லாமல் வேலைக்குப் போகவும் தன் பெயரில் பாங்கிக் கணக்குத் திறக்கவும் 1965-இல்தான் சட்டம் வழிவிட்டது. நாகரிகத்தில் முதிர்ந்த நாடுகள் என்று பேர் வாங்கிய இடங்களிலேயே இந்த நிலை என்றால், உரிமை எங்கும் தானாக வந்து சேர்வதில்லை என்பது விளங்கும்.

நமது ஜில்லா கண்ட இரண்டு மாற்றங்கள்

இந்த மண்ணிலும் மாற்றம் வந்திருக்கிறது. இரண்டைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, மகளிர் குழுக்கள். 1989-இல் தருமபுரி ஜில்லாவில், சர்வதேச விவசாய வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழக சர்க்கார் பெண்கள் குழுக்களை அமைக்கத் தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் அது நமது பழைய தென்னாற்காடு ஜில்லாவுக்கும் வந்தது. 1993-இல் தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் தனி ஜில்லாவாகப் பிரிந்தபோது பல கிராமங்களில் குழுக்கள் உண்டாகியிருந்தன. பன்னிரண்டு பேர் முதல் இருபது பேர் வரை சேர்ந்து சிறுதொகை கட்டுவது, அந்தப் பணத்தைத் தங்களுக்குள் கடனாகக் கொடுத்து வாங்குவது, தீர்மானத்தை நோட்டில் எழுதுவது, வட்டி எவ்வளவு என்பதைத் தாங்களே முடிவு செய்வது என்று வேலை நடந்தது. 1992-இல் நபார்டு, குழுக்களைப் பாங்கியோடு இணைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அதுவரை பாங்கி வாசலை மிதிக்காதவர்கள் மானேஜருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார்கள். அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் ஒளிந்து கிடந்த சிறுவாட்டுப் பணம் வெளிச்சத்துக்கு வந்தது. ஒளித்து வைத்த பணம் பயத்தின் பணம். எழுதி வைத்த பணம் உரிமைப் பணம்.

இரண்டாவது, நூறு நாள் வேலை. 2006 பிப்ரவரி 2 அன்று நாட்டில் முதலில் 200 ஜில்லாக்களில் அது தொடங்கியபோது, தமிழ்நாட்டில் சேர்ந்த ஆறு ஜில்லாக்களில் விழுப்புரமும் ஒன்று. அன்று கூலி நாளுக்கு 80 ரூபாய். 2025-26 ஆண்டுக்கு 336 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி! ஏரி வேலைக்கும் வாய்க்கால் வேலைக்கும் திரண்டு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களே. பின்னாளில் கூலி நேராகப் பாங்கிக் கணக்குக்கே வந்தது. வயற்காட்டில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று கூலி பிரித்துக் கொடுத்து வந்தவர்களிடம், "அந்தக் கூலி கட்டாது, ஏரி வேலைக்குப் போகிறோம்" என்று சொல்ல நமக்கு வாய் வந்தது. வேறு வேலை உண்டு என்ற நிலை இருந்தால்தான் கூலி பேச முடியும் என்பதை நம் பெண்கள் புத்தகம் படித்துக் கற்கவில்லை, ஏரிக்கரையில் கற்றார்கள்.

அந்த வேலையிலும் குறை இருந்தது. 2007 ஜூலையில் நமது ஜில்லாவில் நடந்த சமூகத் தணிக்கை, வேலைத்தளத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு போதாது என்பதை எடுத்துக்காட்டியது. சட்டத்தில் குழந்தைக் காப்புக்கு இடம் உண்டு. தளத்திலோ மரத்தடிகூட இல்லாத இடங்கள் உண்டு. குழந்தையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் எத்தனையோ இளம் தாய்மார் கூலியையே இழந்தார்கள்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. 125 நாள் என்கிறது அது. ஆனால் விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்கிறது. செலவில் நூற்றுக்கு நாற்பது பங்கை மாநிலத்தின் தலையில் வைக்கிறது. நமக்குக் கூலி பேசும் பலம் எப்போது தேவை? நடவிலும் அறுப்பிலும்தான்! அந்த நேரத்தில் ஏரி வேலையை மூடினால் லாபம் யாருக்கு? பணத்தைப் பற்றிய பேச்சில் இதை விட்டுவிட முடியாது. வருமானம் வந்தால்தானே சேமிப்பு!

சேமிப்பின் இடத்தில் கடன் வந்து உட்கார்ந்தது

குழு என்ற சொல் இன்று எதைக் குறிக்கிறது? "குழுப் பணம் கட்ட வேண்டும்" என்று வீட்டுக்கு வீடு கேட்கிறோம். அதில் சேமிப்பு எவ்வளவு? பல வீடுகளில் அது கம்பெனிக் கடனின் தவணை மட்டுமே.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். மகளிர் குழுவில் முதலில் சேமிப்பு, பிறகு கடன். பணமும் நோட்டும் குழுவுடையவை. கம்பெனி சேர்க்கும் குழுவில் சேமிப்பே கிடையாது. ஒருத்தி கடனுக்கு மற்றவர்கள் ஜாமீன். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் உட்கார வேண்டும். ஒரே களத்தில் மல்லாட்டை ஆய்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசுகிறார்கள். கம்பெனியின் வசூல்காரன் வேலையை நம் பெண்களே கூலியில்லாமல் செய்கிறார்கள்!

வங்காள தேசத்தில் 1983-இல் கிராமீன் பாங்கி ஏற்பட்டது. ஏழைப் பெண்ணுக்கு அடமானம் இல்லாமல் கடன் கொடுக்கலாம், அவள் திருப்பிக் கட்டுவாள் என்று அது காட்டியது. 2006-இல் அதற்கும் அதன் நிறுவனர் முகமது யூனுசுக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. ஆனால் அவள் நாணயமாகக் கட்டுவாள் என்ற செய்தி லாபக்காரர்கள் காதிலும் விழுந்தது. ஆந்திரத்தில் ஒரே பெண்ணுக்கு நான்கைந்து கம்பெனிகள் கடன் கொடுத்தன. வசூல் நெருக்கடியில் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பற்றிச் செய்திகள் வந்தன. 2010 அக்டோபரில் ஆந்திர சர்க்கார் அவசரச் சட்டம் போட்டுக் கம்பெனிகளின் வசூலைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் அந்தத் தொழிலின் பெரிய கம்பெனி ஒன்று பங்குச் சந்தையில் இறங்கியிருந்தது. பெண்களின் வாரத் தவணை பம்பாயில் பங்கு விலையாயிற்று!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் சொன்ன சொல். இரண்டு கணக்கை அளந்து பார்ப்போம்.

முதற் கணக்கு, தண்டல். பத்தாயிரம் ரூபாய்த் தண்டலில் கைக்கு வருவது 8,500. நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறோம். ஐம்பதாவது நாளில் ஐயாயிரம் அவன் பைக்குத் திரும்பிவிட்டது. சராசரி பார்த்தால் அந்த நூறு நாளும் நம் கையில் நின்ற அவன் பணம் ஏறக்குறைய 4,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் 1,500 ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் நூற்றுக்குச் சுமார் 120!

இரண்டாம் கணக்கு, கம்பெனிக் கடன். 40,000 ரூபாய், ஓராண்டு, "நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்தான்" என்று ஒருவர் வந்து சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 4,800, மாதத் தவணை 3,733. பன்னிரண்டாம் மாதம் நாம் வைத்திருக்கும் அசல் பாக்கி 3,333 மட்டுமே. ஆனால் அன்றும் முழு நாற்பதாயிரத்துக்கு உரிய 400 ரூபாய் வட்டியைக் கட்டுகிறோம். வாயால் சொன்ன வட்டி ஆண்டுக்கு 12. உண்மையில் கட்டும் வட்டி ஏறக்குறைய 22. இன்சூரன்சு, பதிவுக் கட்டணம் என்று முதலிலேயே பிடித்துக்கொண்டால் இன்னும் கூடும்.

கூட்டல் கழித்தல் தெரிந்த எந்தப் பெண்ணும் இந்தக் கணக்கைப் போடலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டும் போடலாம்.

வெட்கம் யாருக்கு வேண்டும்?

தாய்மார்களே! கடன் பட்டவள் தலை குனிந்து நடக்கிறாள். எதற்காக? பிள்ளைக்கு ஜுரம் வந்தபோது வாங்கினாள். பள்ளிக் கட்டணத்துக்கு வாங்கினாள். மழையில் வேலை இல்லாத மாதத்தில் அரிசிக்கு வாங்கினாள். கூலி போதாத இடத்தில் கடன் முளைக்கும். வெட்கப்பட வேண்டியவர்கள் கூலியைக் குறைத்தவர்கள்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. நம் சக்திக்கு மீறிய காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வரதட்சிணை இவற்றுக்கு வாங்குகிற கடனை ஊர் மெச்சும். தவணை நாளில் ஊர் வராது. "வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்கினேன்" என்றும், "அவர் வாங்கச் சொன்னார், என் பெயரில் இருக்கிறது" என்றும் சொல்கிறோம். பெயர் ஒருத்தியுடையது, செலவு வேறொருவருடையது என்றால் அந்தக் கையெழுத்தைப் போடக் கூடாது. "இல்லை" என்று சொல்ல ஒரு பெண் கற்றுக்கொண்டால் அது ஆயிரம் ரூபாய்ச் சேமிப்புக்குச் சமம்.

இனிச் செய்ய வேண்டியவை

1. கணக்கு அவரவர் பெயரில். பாங்கியில் குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லாத சாதாரணக் கணக்கு உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். 2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் கணக்கில் வரத் தொடங்கியபோது, சில பாங்கிகள் இருப்புக் குறைவு என்று அதிலேயே பிடித்தம் செய்தன. மாநில நிதியமைச்சர் கண்டிக்க வேண்டியிருந்தது. ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் உங்களிடமே இருக்கட்டும். பாஸ் புத்தகத்தில் மாதம் ஒரு முறை பதிவு போடுங்கள்.

2. ஒரு நோட்டு. வேலை செய்த நாள், வாங்கிய கூலி, வாங்கிய முன்பணம், கட்டிய தவணை நான்கையும் எழுதுங்கள். ஆலையில் வேலை செய்பவர்கள் சம்பளச் சீட்டையும் பி.எப். எண்ணையும் பத்திரப்படுத்துங்கள், வாரிசு பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும்போது இருவர் பெயரிலும் கணக்கு எழுதச் சொல்லிக் கேட்போம்.

3. கடன் வாங்குமுன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் பாங்கியின் 2022 விதிகளின்படி, சிறுகடன் கொடுக்கும் கம்பெனி, ஆண்டுக்கு நூற்றுக்கு மொத்தம் எவ்வளவு வட்டி என்று நமக்குப் புரியும் மொழியில் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூல் பேச்சு கூடாது. மிரட்டுவதும், உறவினரையும் உடன் வேலை செய்பவரையும் தொந்தரவு செய்வதும் கூடாது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. புகார் சொல்ல ரிசர்வ் பாங்கியின் எண் 14448. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இவற்றைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் உண்டு. வலுக்கட்டாய வசூலைக் குற்றமாக்கும் சட்டம் 2025-இல் வந்தது. வசூல்காரன் வந்தால் தனியாக நிற்காதீர்கள், தெருவாக நில்லுங்கள்.

4. குழுவை மீட்போம். சேமிப்பும் நோட்டும் நம்முடையதாக இருக்கும் குழுவை உயிர்ப்பிப்போம். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தி கையிலேயே நோட்டு எப்போதும் தங்கினால் குழுவுக்குள்ளேயே ஒரு சின்னப் பண்ணையார் முளைத்துவிடுவார். மாதம் ஒருத்தி கணக்கை உரக்கப் படிக்கட்டும், எல்லோரும் கேட்கட்டும்.

5. சொத்தில் பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் செய்தது. 2005-இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. "சீர் செய்தாயிற்று" என்று சொல்லி நீட்டும் விடுதலைப் பத்திரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். வாங்கும் மனையும் வீடும் பெண் பெயரில் இருக்கட்டும். பத்து லட்சம் ரூபாய் மதிப்பு வரை பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று குறைவு என்று 2025 ஏப்ரல் 1 முதல் ஆணை வந்தது.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை

பின்னால் நின்று கேட்கும் ஆண் தோழர்களே! மில் வாசலில் சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடித்தால் கொதித்து எழுகிறோம். வீட்டில் மனைவியின் கூலியைக் கணக்கில்லாமல் வாங்கி வைத்துக்கொள்வதற்கு என்ன பெயர்? தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை சர்க்கார் கையில் இருக்கிறது. கூலி நாளின் மாலையில் வரிசை எங்கே நீளுகிறது என்று நமக்குத் தெரியும். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அப்படி ஆண் போன வீட்டில் கடன் யாருக்கு, எவ்வளவு என்றுகூடத் தெரியாமல் பெண் நிற்பதைவிடக் கொடுமை உண்டா? வீட்டுக் கணக்கை இருவரும் உட்கார்ந்து பார்ப்பது கௌரவக் குறைவு அல்ல. அவள் கணக்குக் கற்றால் குடும்பம் நிற்கும்.

சிக்கனமே எல்லாவற்றுக்கும் மருந்து என்று சிலர் நமக்கு உபதேசம் செய்வார்கள். அரை வயிற்றுக் கூலியில் எதைச் சிக்கனம் பண்ணுவது? பக்கத்துப் புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர்கள் குண்டுக்கு உயிர் கொடுத்த பிறகுதான் எட்டு மணி நேர வேலை வந்தது. அது யாருடைய சிக்கனத்திலும் வரவில்லை. கூலி உயரச் சங்கமாகச் சேர்ந்து போராடுவோம். வந்த கூலி வட்டிக்காரன் பைக்குப் போகாமல் நோட்டை வைத்துக் காப்போம். ஒன்றை விட்டு மற்றொன்று நிற்காது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் கடன் அட்டையையும் பாஸ் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். ஒரு மூலையில் பாய் விரித்து எல்லோரும் சேர்ந்து வட்டிக் கணக்குப் போடுவோம். எங்கே ஏமாற்றம் இருக்கிறதோ அங்கே மனு எழுதுவோம். மனு போதாவிட்டால் திரண்டு செல்வோம்.

சம வேலைக்குச் சம கூலி!
கூலி நம் கையில்! கணக்கும் நம் கையில்!